ஒரு தடவை நிறுத்துவேன்

அயர்லாந்தில் நடைபாதையில் நின்று கேமராவைத் தூக்கினால் எதிரே வருகிறவர்கள் அப்படியே நின்றுவிடுகிறார்கள். லென்ஸில் தூசி இருக்கிறதா என்று பார்க்கத்தான் தூக்கியிருப்பேன். அதற்குள் குழந்தை வண்டியோடு ஒரு பெண், நாயோடு ஒரு பெரியவர், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் என்று கூட்டம் சேர்ந்துவிடும். குறுக்கே வந்ததற்கு ‘ஸாரி’ வேறு. போங்க போங்க என்று கையை ஆட்டினால், நான் டாட்டா காட்டுவதாக நினைத்து அவர்களும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவார்கள். ஒருவரும் நகர மாட்டார்கள். எங்கள் தர்மபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டிச் சந்தையில் கேமராவை வெளியே எடுத்தால் “என்னையும் ஒண்ணு புடி” என்று லென்ஸுக்குள்ளேயே வந்து நிற்பார்கள்.

செல்விக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. நான் அவள் பின்னால் வந்தவன். ஊரில் கல்யாண போட்டோகிராபர், இங்கே நர்ஸம்மா வீட்டுக்காரர். வாரநாளில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். சனிக்கிழமைகளில் மார்ட்டின் என்ற உள்ளூர் போட்டோகிராபருக்குத் துணையாகப் போனேன். நல்ல மனிதர்தான். ஆனால் கல்யாணத்தில் நாம் இருப்பதே யாருக்கும் தெரியக்கூடாது என்பது அவர் கட்டளை. தூணுக்குப் பின்னால் நின்று திருடன் மாதிரி எடுக்க வேண்டும். எனக்கு இது விளங்கவே இல்லை. எங்கள் பக்கம் முகூர்த்தம் என்றால் போட்டோகிராபர் வைத்ததுதான் சட்டம். மாப்பிள்ளை தாலியைக் கழுத்தருகே கொண்டுபோய் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார். ஐயரும் பார்ப்பார். பெண்ணை நிமிரச் சொல்லி, மறைக்கிற மாமாவை ஓரம் கட்டி, நான் தலையை ஆட்டினால்தான் முடிச்சு விழும். நல்ல நேரம் போகுதுப்பா என்று யாராவது முனகினால், அப்புறம் போட்டோ எங்கேன்னு என்னைக் கேட்கக்கூடாது என்பேன். வாயை மூடிக்கொள்வார்கள்.

தனியாக எடுக்க எனக்குக் கிடைத்த முதல் கல்யாணம், மார்ட்டின் தனக்குத் தேதி இல்லையென்று என் பக்கம் தள்ளிவிட்டது. அதை ஒழுங்காகச் செய்தால் கிடங்கு வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்குவது என்று செல்வியும் நானும் பேசி வைத்திருந்தோம். காலையிலிருந்து பூனை மாதிரி நடந்தேன். மோதிரம் போடுகிற நேரம் பார்த்து, கல்யாணத்தை நடத்திவைக்கிற பதிவாளர் அம்மா லென்ஸுக்கு நேராகத் தலையை நீட்டினார். என் கை தானாக மேலே போனது. “ஸ்டாப்! மேடம், மூவ். ரிங் ஹோல்ட். லுக் ஹியர்.”

மண்டபம் கப்சிப். மாப்பிள்ளை பாதி விரலில் மோதிரத்தோடு நின்றார். எங்கேயோ தீப்பிடித்துவிட்டதோ என்று சிலர் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். நானோ நிதானமாக எடுத்து முடித்து, தலையை ஆட்டி, “ஓகே, புட், புட்” என்றேன். அதற்கப்புறம்தான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பது உறைத்தது.

யாரும் திட்டவில்லை. இந்த ஊரில் திட்ட மாட்டார்கள், அதுதான் கொடுமை. பெண்ணின் அக்கா வந்து, இனிமேல் கொஞ்சம் தள்ளி நின்றால் நன்றாக இருக்கும் என்று அத்தனை மரியாதையாகச் சொன்னாள். மார்ட்டின் அப்புறம் கூப்பிடவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த வாயும் இந்தக் கையும் இந்த ஊருக்கு லாயக்கில்லை, நமக்குப் பெட்டி அடுக்குவதே சரி என்று கேமராவைப் பைக்குள் போட்டு, பையை அலமாரியின் மேலே தள்ளிவிட்டேன்.

டியூட்டி முடித்து வந்த செல்வி பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “மாப்பிள்ள வூட்டுச் சண்டையவே நிறுத்தி வெச்சு போட்டோ எடுத்த ஆளு நீங்க. ஒரு பொம்பள மரியாதையா பேசுனதுக்கா பைய மேல தூக்கிப் போட்டுட்டீங்க? கம்பைநல்லூர் கல்யாணத்துல வாயத் தொறக்காம நின்னு பட்டது மறந்துபோச்சுங்களா?”

அது எப்படி மறக்கும்? நான் தொழிலுக்கு வந்த புதிது. வாய் திறக்கவே பயம். தாலி கட்டும்போது சொந்தக்காரர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். தள்ளுங்க என்று சொல்ல நாக்கு எழவில்லை. கெட்டிமேளம் முடிந்தபோது என் கேமராவில் இருந்தது யாரோ ஒரு மாமாவின் முதுகு. பெண்ணின் அண்ணன் என் சட்டையைப் பிடித்துவிட்டார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கல்யாணப் பெண் போட்டோவில் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான், எவன் முறைத்தாலும் சரி என்று கையைத் தூக்கப் பழகினேன். பிறவியில் வந்த துணிச்சல் இல்லை அது. கூச்சத்தோடு மல்லுக்கட்டிச் சம்பாதித்தது. அதை விமான நிலையத்திலேயே போட்டுவிட்டு வர வேண்டுமா? முடியாது. என்னைப் போல வந்து ஒடுங்கிக் கிடக்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

தொழிலைத் தொடங்கினேன். விசாரிக்க வருகிறவர்களிடம் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுவேன்: நாள் முழுக்க நான் இருப்பதே தெரியாது, ஆனால் மோதிரம் போடும்போது ஒரு தடவை நிறுத்துவேன், அசையாமல் நிற்க வேண்டும், பிடிக்கவில்லை என்றால் ஊரில் நல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். முதலில் வந்த ஜோடி எழுந்து போய்விட்டது. அடுத்த ஜோடி யோசித்துச் சொல்கிறோம் என்றது. இங்கே அதுவும் எழுந்து போவதுதான். போகட்டும் என்றிருந்தேன். அப்புறம் வந்தவள் கியாரா. எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள் என்று கேட்டாள். எனக்குத் திருப்தியாகிற வரைக்கும் என்றேன். சிரித்துவிட்டாள். “நிறுத்துங்கள். அந்த நிமிஷம் ஓடிப்போய்விடும் என்றுதான் எனக்கும் பயம்” என்றாள். அவள் கல்யாணத்தன்று எனக்குப் பதற்றத்தில் இங்கிலீஷே வரவில்லை. “அப்படியே நில்லுங்க!” என்றுதான் வந்தது. ஒருவருக்கும் புரியவில்லை, ஒருவரும் அசையவில்லை. அவள் சொல்லி நாலு பேர் வந்தார்கள். இப்போது நான் கிடங்குப் பக்கம் போவதில்லை.

போன தை மாதம் செல்வியின் தங்கை கல்யாணத்துக்குத் தர்மபுரி போனோம். மண்டபத்தில் போட்டோ எடுக்க வந்திருந்தது ஓர் இளவட்டக் கூட்டம். மார்ட்டினிடம் படித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி தூணுக்குத் தூண் பதுங்கினார்கள். கேண்டிட் எடுக்கிறோம், கொஞ்சம் ஓரமா நில்லுங்கண்ணா என்று என்னை நகர்த்திவிட்டார்கள். நன்றாகத்தான் எடுக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். பெண்ணைப் பெற்ற என் அத்தை, கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் யாரும் நிறுத்துவதாகத் தெரியவில்லை.

“அப்படியே நில்லுங்க! பெரியப்பா, அந்தாண்ட தள்ளுங்க. அத்தை முன்னால வரட்டும்.”

ஐயர் நின்றார். தவில்காரர் குச்சியை ஓங்கியபடி நின்றார். அத்தை கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து, தலைமுடியைச் சரி செய்துகொண்டு, என்னைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். மாப்பிள்ளை தாலியோடு என் முகத்தைப் பார்த்தார். மண்டபம் மொத்தமும் நான் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தது. என் கேமரா அயர்லாந்தில் இருந்தது.