வள்ளத்துக்குப் பூட்டிய பிறேக்

தீவுக் கிராமமான கரம்பொனில் கடற்கரையோரம் பிறந்தும் கடல் தொழிலுக்குப் போகாத ஆண்கள் மிகக் குறைவு. றொபின்சன் அவர்களில் ஒருவர். இளவயதில் தகப்பனோடு வள்ளத்தில் போனவர், போன ஒவ்வொரு நாளும் வாந்தி எடுத்தார். தகப்பன் ஒரு பருவம் முழுவதும் பொறுத்துப் பார்த்தார். பிறகு, வலையைக் கவனிப்பதை விட இவனைக் கவனிப்பதே பெரிய வேலையாக இருக்கிறது என்று சொல்லி மகனைக் கரையில் விட்டுவிட்டார்.

கரையில் விடப்பட்ட றொபின்சன் காலப்போக்கில் ஒரு பழைய பிக்கப்பும் ஒரு றெயிலரும் வாங்கி, வள்ளங்களை றோட்டால் கொண்டுபோகும் வேலையைத் தொடங்கினார். காற்று மாறும்போது மீனவர்கள் கரை மாறுவார்கள். கடல் கொந்தளிக்கும் நாட்களில் வள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போவதை விட றெயிலரில் ஏற்றி இழுத்துப்போவது சுகம். தண்ணீர் தொடங்கும் இடத்தில் றொபின்சனின் வேலை முடிந்துவிடும். அது அவருக்கு வசதியாக இருந்தது.

அவருடைய மனைவி மேரிஜோசப்பின் ஊர் முன்பள்ளியில் படிப்பிக்கிறார். சின்னப் பிள்ளைகளோடு நாள் முழுவதும் பேசிப் பழகியதால் எதையும் சுருக்கமாகத்தான் சொல்லுவார்.

றெயிலருக்குப் பிறேக் கிடையாது. தீவில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, பிறகு பிறேக் எதற்கு என்பது றொபின்சனின் எண்ணம். வள்ளம், இஞ்சின், வலை எல்லாம் சேர்ந்தால் பிக்கப்பை விடப் பாரம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பாரம் என்பது இழுக்கும்போது யோசிக்கவேண்டிய விஷயம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

போன வருடம் ஒரு காலை, ஜெயரூபன் என்ற மண்டைதீவுக்காரரின் வள்ளத்தை ஏற்றிக்கொண்டு அல்லைப்பிட்டியைத் தாண்டிப் போனார். இரண்டு பக்கமும் கடல். நடு றோட்டில் ஒரு மாடு நின்றது. றொபின்சன் பிறேக்கை அழுத்தினார். பிக்கப் நிற்கப் பார்த்தது. பின்னால் வந்த வள்ளம் அதற்கு உடன்படவில்லை. அது பிக்கப்பின் பின்பக்கத்தைத் தள்ளிச் சுழற்றிவிட, பிக்கப் றெயிலரை மாட்டியிருந்த கொழுவியிலிருந்து கழன்று கரையால் இறங்கித் தண்ணீருக்குள் போய் நின்றது. வள்ளம் றெயிலரோடு றோட்டுக்குக் குறுக்கே நின்றது. மாடு போய்விட்டது.

ஒரு பஸ் வந்து நின்றது. பயணிகள் இறங்கிப் பார்த்தார்கள். வள்ளம் றோட்டிலும் பிக்கப் கடலிலும் இருந்ததால், நடந்தது என்ன என்று அவர்களுக்கு உடனே விளங்கவில்லை. றொபின்சன் முழங்காலளவு தண்ணீரில் நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஜெயரூபன் மோட்டார் சைக்கிளில் வந்து முதலில் வள்ளத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"வள்ளத்துக்கு ஒண்டுமில்லை அண்ணை. நீங்கள் தான் நனைஞ்சிட்டியள்."

பிக்கப்பைத் தூக்கித் திருத்தி எடுத்த பிறகும் றொபின்சன் அதில் ஏறவில்லை. காலையில் போய் அதைத் துடைப்பார். திறப்பைப் போட்டு இஞ்சினை இயக்கிப் பார்ப்பார். பிறகு நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுவார். யாராவது வள்ளம் இழுக்கக் கேட்டு வந்தால் இடுப்பு வலி என்று சொன்னார். இடுப்பைப் பிடித்துக்கொள்ளச் சில நேரம் மறந்துபோனார்.

மேரிஜோசப்பின் இதைக் கொஞ்ச நாள் பார்த்தார். ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"அண்டைக்கு நீங்கள் பிறேக் அடிச்சனீங்களோ?"

"அடிச்சனான்."

"பிடிச்சதோ?"

"பிக்கப் பிடிச்சது. வள்ளம் நிக்கேல்லை."

"அப்ப வள்ளத்துக்கும் ஒரு பிறேக் பூட்டுங்கோவன்."

இவ்வளவு காலமும் தனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று றொபின்சன் யோசித்தார். சோற்றை முழுக்கச் சாப்பிட்டார்.

வேலணையில் வாகனம் திருத்தும் கராச் வைத்திருக்கும் நிமலன் எங்கோ தேடி ஒரு பழைய பிறேக் தொகுதியை எடுத்துவந்தார். றெயிலரின் மூக்கில் பூட்டும் தலை, சில்லுகளுக்குள் வைக்கும் பிறேக், இரண்டையும் இணைக்கும் கம்பி. பிக்கப் வேகத்தைக் குறைத்தால் பின்னால் வரும் பாரம் அந்தத் தலையை உள்ளே தள்ளும். தலை கம்பியை இழுக்கும். சில்லு பிடிக்கும்.

"வள்ளம் உங்களைத் தள்ளுற தள்ளலையே பிடிச்சு வள்ளத்தை நிப்பாட்டுறம் அண்ணை," என்றார் நிமலன்.

இது நியாயமாக இருப்பதாக றொபின்சனுக்குப் பட்டது.

நிமலன் ஒவ்வொரு சில்லையும் ஜக்கில் உயர்த்தி, கையால் சுழற்றமுடியாத அளவுக்குப் பிறேக்கை இறுக்கினார். பிறகு மெல்லிய உரசலோடு சுழலும்வரை இளக்கினார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும், ஒரு பக்கம் முந்திப் பிடித்தால் றெயிலர் அந்தப் பக்கம் இழுக்கும் என்றார். கொழுவிக்குக் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்குமறுக்காகப் போட்டார். கடைசியாக ஒரு மெல்லிய வயரைக் காட்டினார்.

"எல்லாம் கழண்டு றெயிலர் தனியப் போனால் இது இழுபட்டுப் பிறேக்கைப் பிடிக்கும். இதைப் பிக்கப்பின்ரை சட்டத்திலை கொழுவுங்கோ. கொழுவி உருண்டையிலை போடாதேங்கோ. உருண்டை கழண்டால் வயரும் அதோடை வந்திடும், பிடிக்க ஏலாது."

"ஓம்."

"வெளிக்கிட்ட உடனை நடக்கிற வேகத்திலை ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ. ஒவ்வொரு முறையும்."

"ஓம்."

"பின்னுக்கு எடுக்கேக்கையும் தலை உள்ளுக்குத் தள்ளுப்படும், பிறேக் பிடிச்சிடும். தலை உள்ளுக்குப் போகாமல் இந்த ஆணியைக் குத்திப்போட்டு எடுங்கோ."

மூன்றாவது ஓம் மற்ற இரண்டையும் போலவே இருந்தது. ஆனால் அந்த நேரம் றொபின்சன் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வேலையும் ஜெயரூபனுடையதுதான். மண்டைதீவுக் கரையில் வள்ளத்தை இறக்கப் பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்தார். சில்லுகள் இறுகின. பிக்கப் உறுமியது. இன்னும் எடுத்தார். மண் கிளம்பியது. கரையில் நின்றவர்கள் சுற்றி வந்தார்கள்.

"முந்தி இது நிக்காது. இப்ப அசையுதில்லை," என்றார் ஜெயரூபன்.

றொபின்சன் இறங்கி நின்று கனநேரம் யோசித்தார். ஆணி ஞாபகம் வந்தது. குத்தினார். வள்ளம் இறங்கியது. திரும்பி வரும்போது நடக்கிற வேகத்தில் பிறேக்கை அடித்துப் பார்த்தார். வெறும் றெயிலர் பின்னாலிருந்து முட்டியது. இறங்கிப் பார்த்தார். ஆணி அப்படியே இருந்தது.

வீட்டில் இதைச் சொன்னதும் மேரிஜோசப்பின், "இது மறக்கிற சாமான். நான் வாறன்," என்றார்.

அன்றிலிருந்து வள்ளம் ஏற்றுகிற வேலை எல்லாம் முன்பள்ளி விட்ட பிறகுதான். மேரிஜோசப்பின் முன்பள்ளியிலிருந்து ஒரு சிவப்பு றிபன் கொண்டுவந்து ஆணியில் கட்டினார். முன்னுக்குப் போகும்போது ஆணி அவருடைய மடியில் இருக்கவேண்டும். மடியில் இல்லையென்றால் பிக்கப் நகராது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து கணவர் எங்கே போகிறார், யாரோடு பேசுகிறார் என்பது அவருக்கு இப்போதுதான் தெரியவந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்.

அடுத்த பிரச்சினை தண்ணீர். வள்ளம் இறக்கும்போது சில்லுகள் கடலில் நனையும். நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் பிறேக் கறள் பிடித்து இறுகிவிடும் என்று நிமலன் சொல்லியிருந்தார். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் வண்டியில் வருவது.

"மனுசர் குடிக்கிற தண்ணியிலை சில்லைக் குளிப்பாட்டப் போறியளோ?" என்று மேரிஜோசப்பின் கேட்டார்.

கோயில் கிணற்றுத் தண்ணீர் நல்லது. றொபின்சன் போய்ப் பங்குச் சுவாமியிடம் கேட்டார்.

"எதைக் கழுவ?" என்றார் சுவாமி.

"பிறேக்கை, சுவாமி."

சுவாமி கொஞ்சம் யோசித்தார். "சரி, கழுவும்."

ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் றெயிலர் கோயில் வளவுக்குள் போய்த் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. றொபின்சன் ஒவ்வொரு பயணத்துக்கும் றெயிலரை மந்திரிப்பிக்கிறார் என்று ஊரில் கதை பரவியது. அவர் மறுத்துப் பார்த்தார். கழுவுவதாகச் சொன்னதை யாரும் நம்பவில்லை.

வேலை கொஞ்சம் குறைந்தது. டிலோன் என்று இன்னொருவரும் வள்ளம் இழுக்கிறார். அவருடைய றெயிலரில் பிறேக்கும் இல்லை, சங்கிலியும் இல்லை. காலையிலேயே வந்து, கொழுவி, போய்விடுவார். றொபின்சன் மத்தியானம்வரை காத்திருக்க வைத்து, வயரைக் கொழுவி, சங்கிலியைப் பார்த்து, ஆமை வேகத்தில் போய் ஒருமுறை நிறுத்தி, பிறகுதான் போவார். சிலர் டிலோனிடம் போனார்கள். ஜெயரூபன் போகவில்லை. றோட்டுக்குக் குறுக்கே நின்ற தன் வள்ளத்தை அவர் பார்த்தவர்.

இந்த வருடம் காற்று மாறியபோது ஜெயரூபனின் வள்ளத்தை மறுபடி ஏற்றினார்கள். சரவணையில் ஒரு வளைவில், ஓலைக்கட்டு ஏற்றிய சைக்கிளோடு ஒரு வயதானவர் ஒழுங்கையிலிருந்து நேரே றோட்டுக்கு வந்தார். றொபின்சன் பிறேக்கை அழுத்தினார். பின்னால் டொக் என்று ஒரு சத்தம். றெயிலரின் தலை உள்ளே போனது. அதற்குப் பிறகு பின்னாலிருந்து தள்ளல் எதுவும் வரவில்லை. பிக்கப், றெயிலர், வள்ளம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் நின்றன. சைக்கிளுக்கும் பிக்கப்புக்கும் இடையில் ஒரு ஆள் நடந்து போகலாம்.

"ஹோண் அடிக்கத் தெரியாதோ?" என்றார் வயதானவர்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா."

அவர் ஓலையைச் சரிப்படுத்திக்கொண்டு போனார். றொபின்சன் இறங்கிப் பின்னால் நடந்துபோய் வள்ளத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. மேரிஜோசப்பின் ஜன்னலால் தலையை நீட்டினார்.

"ஏன் நிக்கிறியள்?"

"வள்ளம் நிண்டிட்டுது."

"அதுக்குத்தானே பூட்டினது. வாங்கோ."

றொபின்சன் ஏறி உட்கார்ந்தார். மேரிஜோசப்பின் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவரிடம் நீட்டினார். அது பவுசர் தண்ணீர். றொபின்சன் குடித்துவிட்டு மிச்சத்தை முகத்தில் ஊற்றிக்கொண்டார். மேரிஜோசப்பின் வெறும் போத்தலை வாங்கி மூடினார்.

மண்டைதீவில் இறக்குவதற்கு முன் றொபின்சன் இரண்டு சில்லுகளின் நடுவிலும் கை வைத்துப் பார்த்தார். வலது பக்கம் மற்றதை விடச் சூடாக இருந்தது; அந்தப் பக்கப் பிறேக் கூட உரசுகிறது. ஆறும்வரை காத்திருந்துதான் தண்ணீருக்குள் விட்டார். ஜெயரூபன் பொறுமையாக ஒரு வெற்றிலை போட்டார்.

மறுநாள் பின்னேரம் முற்றத்தில் வலது சில்லை ஜக்கில் உயர்த்தினார்கள். றொபின்சன் நிலத்தில் படுத்துக்கொண்டு பிறேக்கை இளக்கினார். மேரிஜோசப்பின் சில்லைக் கையால் சுழற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இன்னும் உரசுது."

"இப்ப?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் உரசத்தான் வேணும்."

"அப்ப இவ்வளவு காணும். எழும்புங்கோ."