ஏழாவது சாம்பிள்

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் பொரிகடலையோடு ஆளுக்கு இரண்டு லட்டு கொடுத்தார்கள். தையல் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து, இஸ்திரிப் பெட்டிக்கும் பூச்சரம் சுற்றியிருந்தோம். மேனேஜர் சார் கட்டிங் மேசைப் பக்கம் நின்று பேசினார். 2005 பிறந்ததும் கோட்டா முடிகிறது என்றார். இந்த நாட்டிலிருந்து இத்தனை சட்டைதான் வாங்குவோம் என்று வெளிநாட்டுக்காரர்கள் போட்டு வைத்திருந்த அளவுதான் கோட்டா. "இனிமே அளவே கிடையாதும்மா. தைக்கத் தைக்கப் போய்க்கிட்டே இருக்கும்" என்றார். நாங்கள் கை தட்டினோம். தங்களைக் காத்து நின்ற வேலியைப் பிடுங்குகிறார்கள் என்று தெரியாமல், அதற்கு லட்டு தின்றவர்கள் நாங்கள்.

தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் சட்டை தைத்து ஏற்றுமதி செய்யும் சின்னக் கம்பெனி அது. நான் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் சட்டையில் நூல் பிசிர் வெட்டி, தையல் விட்ட இடம் பார்ப்பது என் வேலை. நான் சொல்ல வந்தது எங்கள் சாம்பிள் அக்காவைப் பற்றி. சட்டை வாங்கும் வெளிநாட்டு பையர் படம் அனுப்பினால், அதைப் பார்த்து முதல் சட்டையைத் தைத்து அனுப்புகிறவர் அவர். அந்தச் சட்டை பிடித்தால்தான் ஆர்டர், ஆர்டர் வந்தால்தான் மற்றவர்களுக்கு வேலை. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே தைப்பார். "கட்டர் தப்பு பண்ணா துணி வீணு, நான் தப்பு பண்ணா நீங்கல்லாம் வீணு" என்பார். யாராவது சோம்பலாக உட்கார்ந்திருந்தால், "இன்னாடி, ஊசியே ஒன்னப் பாத்து கொட்டாவி வுடுது" என்பார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே வேலை கற்றேன்.

லட்டுத் தின்ற கையோடு அக்கா ஒரு காரியம் செய்தார். பம்மலில் அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் அவருடைய நாத்தனார் இருந்தாள். புருஷன் இல்லாதவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. சம்பளம் கைக்கும் வாய்க்கும் காணாது, ஆனாலும் சர்க்கார் வேலை. அக்கா அவளிடம் போய், "எத்தினி நாளு கீரைய ஆய்ஞ்சிகினு கெடப்ப? எங்க கம்பெனில இனிமே அளவே கெடயாதாம். பி.எஃப். கீது, ஓ.டி. கீது. நான் கீறேன், வா" என்று சொல்லி, ஆயா வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவளும் மறுபேச்சுப் பேசவில்லை. அண்ணி சொன்னால் அவளுக்கு அது வேதம். காஜா பட்டன் பகுதியில் சேர்ந்தாள்.

முதல் வருஷம் அக்கா சொன்னது போலத்தான் இருந்தது. பிறகு மெல்ல மெல்ல வரத்துக் குறைந்தது. அளவு இருந்தபோது, ஒரு நாட்டின் கோட்டா நிரம்பிவிட்டால் பையர்கள் எங்களைப் போன்ற சின்ன இடங்களையும் தேடி வந்தார்கள். அளவு போனதும் அவர்களுக்கு எங்களைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ஒரே கூரையின் கீழ் ஆயிரம் மெஷின் ஓடும் இடம் எந்த நாட்டில் இருக்கிறதோ அங்கே போனார்கள். எங்களிடம் வந்தவர்களும் அதே சட்டைக்குப் போன தடவையைவிடக் குறைந்த விலை கேட்டார்கள். ஓ.டி. நின்றது. ஒரு லைன் மெஷின்களை நிறுத்தித் துணி போட்டு மூடி வைத்தார்கள்.

அப்போதுதான் ஐரோப்பாவிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வரும்போல் இருந்தது. அது வந்தால் கம்பெனி பிழைக்கும் என்று மேனேஜர் சார் வெளிப்படையாகவே சொன்னார். அக்கா சாம்பிள் தைத்தார். காலர் சரியில்லை என்று திரும்பியது. மறுபடி தைத்தார். தோளில் சுருக்கம் என்றார்கள். இப்படி ஆறு சட்டை. ஏழாவதைத் தைத்த இரண்டு நாளும் அக்கா பேசவே இல்லை. அது ஒன்றே எங்களுக்குப் பயமாக இருந்தது. நாத்தனார் மட்டும் கிட்டே போய், "அண்ணி, டீ ஆறுது" என்றாள். அக்கா நிமிராமல், "நீ போயி பட்டன் கட்டு. இது ஒனக்காகத்தான் தச்சிகினு கீறேன்" என்றார்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. மேனேஜர் சார் அக்காவின் மெஷின் அருகிலேயே வந்து சொன்னார்.

"சாம்பிள் ஓகே ஆயிடுச்சும்மா. ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதியிருக்கான்."

"ஆர்டரு?"

"ஆர்டர் பங்களாதேஷ் போகுது. அங்கேர்ந்து போனா ஐரோப்பால வரி இல்ல. நம்மகிட்டேர்ந்து போனா வரி. நீங்க எவ்ளோ நல்லா தச்சாலும் அதைத் தைச்சு அடைக்க முடியாதும்மா."

பையர் அதோடு விடவில்லை. அதே சட்டையை எல்லா சைஸிலும் ஒவ்வொன்று தைத்துத் தர வேண்டுமாம், அங்கே உள்ளவர்கள் பார்த்துத் தைக்க. அடுத்த ஆர்டரில் நம்மை நினைத்துக்கொள்வார்கள் என்றார். லைனில் ஒருத்தி, "தோள்ல ஒரு தையல மாத்திப் போடுக்கா. அவனும் திண்டாடட்டும்" என்றாள். அக்கா மாற்றிப் போடவில்லை. "அங்கயும் ஒருத்தி நாத்தனாரக் கூட்டிகினு வந்திருப்பா" என்றார். அத்தனையும் தைத்து, மடித்து, கவரில் போட்டுக் கொடுத்தார். எவரும் எங்களை நினைத்துக்கொள்ளவில்லை. அடுத்த பொங்கலுக்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

அக்கா நாத்தனாரை அழைத்துக்கொண்டு பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனார். அந்த இடத்தில் வேறு ஆள் போட்டு நாளாகிவிட்டது என்று தலைமை ஆசிரியை நல்லவிதமாகவே சொன்னாராம். அக்கா ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு எத்தனையோ தடவை நடந்தார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்த வேலை திரும்பாது என்று அங்கேயும் சொல்லிவிட்டார்கள்.

சமீபத்தில் அஸ்தினாபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் அந்த நாத்தனாரைப் பார்த்தேன். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாளாம். முட்டி வீங்கியிருந்தது. அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"கீது. பாவாடைக்கு ஓரம் அடிச்சிகினு கீது. எதிர் வூடுதான், ஆனா நான் அந்தப் பக்கம் போறதில்ல."

"கோவமா?"

"கோவம் இன்னாத்துக்குக்கா? என் மூஞ்சப் பாத்தாலே அண்ணி அழுவுது. அதான், அது வாசல்ல ஒக்காந்திருந்தா நான் பின்னால சந்து வழியா சுத்திப் போயிடறேன்" என்றாள்.