குடிக்காதவனின் வயிறு

டிப்போவில் அவரை எல்லோரும் சோடா என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது ஓய்வு பெற்றாலும் யாருக்காவது பிள்ளை பிறந்தாலும் டயர் கொட்டகைக்குப் பின்னால் பாட்டில் திறப்பது அங்கே வழக்கம். பஸ் டிரைவரான அவரும் போவார். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிற ஆள் இல்லை, கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் கையில் சோடா மட்டும்தான் இருக்கும். ‘ஒரே ஒரு சொட்டு’ என்று கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போய், கடைசியில் பெயரையே அப்படி வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

அவர் குடிக்காததற்குக் காரணம் அவருடைய அப்பா. சந்தையில் மூட்டை தூக்கியவர். அவ்வப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டுவிடுவார். வாந்தி எடுப்பார். கிட்டே போனால் சாராய வாடை அடிக்கும். அம்மா இல்லாத வீடு. அக்காதான் வாளியைக் கொண்டுவந்து வைப்பாள். தெருவில் மகனுக்குக் குடிகாரன் பையன் என்றே பேர். அக்கா கல்யாணமாகிப் போய், அவர் வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு காலையில் அப்பா எழுந்திருக்க முடியாமல், “டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடா, உள்ள யாரோ கடிக்கிற மாதிரி இருக்கு” என்றார்.

“குடிக்கிறத நிறுத்துங்க, கடிக்கிறது தானா நிக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் டூட்டிக்குக் கிளம்பினார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேயே போய்ச் சேர்ந்தார். மகன் கண்ணில் தண்ணீர் வரவில்லை. தானாகத் தேடிக்கொண்டது என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்கும் கல்யாணமாகி, பெண் பிறந்து, அது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோதே அவருக்கு அந்த வலி வந்தது. ஏதோ ஒன்று நெஞ்சுக்குக் கீழே இறங்கி முதுகு வழியாக வெளியே வருவதுபோல. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தும் வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். ஹாரன் விடாமல் அலறியது. பின்னாலிருந்து ஒரு பயணி, “தண்ணியப் போட்டுட்டு ஓட்டுறான் போல” என்றார். இன்னொருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். டூட்டி டாக்டர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“எவ்வளவு வருஷமா குடிக்கிறீங்க?”

“குடிக்கிற பழக்கம் இல்ல சார்.”

“இந்த வார்டுல படுத்திருக்கிற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. வைஃப் நிக்கிறாங்கன்னு பாக்குறீங்களா?”

மனைவி கட்டில் காலருகே நின்றிருந்தாள். பையிலிருந்த டம்ளரை எடுத்துத் துடைத்து மறுபடியும் பைக்குள் வைத்தாள்.

குடியால் வந்த நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். வண்டிக்குள் எடுத்த படமும் அதற்குள் ஊரைச் சுற்றிவிட்டிருந்தது. டிப்போ மேனேஜர் கெட்டவர் இல்லை. வேலையை விட்டு நீக்காமல், பஸ் கழுவும் இடத்துக்கு மாற்றினார். “உன் நல்லதுக்குத்தான். நாப்பது உயிரு உன் கையில இருக்கில்ல” என்றார். கூட்டாளிகள் தோளில் தட்டி, “சோடாவுல என்னடா கலந்து அடிச்ச? எங்களுக்கும் சொல்லியிருக்கலாம்ல” என்று சிரித்தார்கள். பெயர் மட்டும் மாறவில்லை, அதைச் சொல்லும் தொனி மாறிவிட்டது.

வீட்டில் அதைவிடக் கஷ்டம். அவர் வந்ததும் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். கொடுக்கும்போது முகத்தை லேசாக அவர் வாய்ப்பக்கம் கொண்டுவருவாள். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்த நாளிலிருந்து, வாசலில் செருப்பைக் கழற்றியதும் அவராகவே வாயைத் திறந்து ஊதிக் காட்டினார். அவள் அதைத் தடுக்கவில்லை.

வலி போய்விட்டுப் போய்விட்டு வந்தது. உடம்பு கரைந்தது. முட்டையும் கறியும் பருப்புமாகச் சாப்பிட்டாலும் ஒட்டவில்லை. தின்றது தின்றபடியே எண்ணெய்ப் பசையோடு வெளியே போயிற்று. பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. மைத்துனர், அதாவது மனைவியின் அண்ணன், வந்து பார்த்துவிட்டுத் தங்கையிடம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார், “இன்னும் எங்கேயோ ஒளிச்சு வெச்சுக் குடிக்கிறாரு. இல்லாட்டி இப்படி உருகுவாரா?”

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் சுருண்டு படுத்தாள். முழங்கால் மார்பில் முட்டிக்கொண்டிருந்தது. பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றாள் மனைவி. அவர் அந்தச் சுருளலைப் பார்த்தார். பிள்ளையை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

குழந்தைகள் வார்டில் இருந்த டாக்டர் அம்மா எதையும் இருமுறை கேட்கிறவர். ரத்தப் பரிசோதனை வந்ததும், “கணையத்துல வீக்கம். வீட்ல வேற யாருக்காவது இது இருக்கா?” என்றார்.

“எனக்கு இருக்கு. எனக்குக் குடியால” என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது. எல்லோரும் சொல்லிச் சொல்லி அவரும் சொல்லப் பழகியிருந்தார்.

“எவ்வளவு குடிப்பீங்க?”

“குடிச்சதே இல்லம்மா.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “அப்பா அம்மாவுக்கு?”

“அப்பாவுக்கு இருந்திருக்கும். அவரு குடிப்பாரு.”

மூன்று தலைமுறையா என்று கேட்டுவிட்டு, அவருக்கும் பெண்ணுக்கும் ரத்தம் எடுத்து வெளியே ஒரு மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“முட்டை, கறி, பருப்பு எல்லாத்துலயும் இருக்கிற புரதம் ஒரு நீளமான சங்கிலி மாதிரி. அதை அப்படியே உடம்பு எடுத்துக்காது. துண்டு துண்டா வெட்டணும். வயித்துல கொஞ்சம் வெட்டுப்படும். மீதியை வெட்டுறது கணையத்துல ஊறுற என்சைம்கள். வெட்டின துண்டுதான் ரத்தத்துல கலந்து சதையாகுது, முடியாகுது, காயத்தை ஆத்துது. ஆனா பாருங்க, கணையமும் புரதத்தால ஆனதுதான். அதனால கத்திக்கு உறை போட்ட மாதிரி அந்த என்சைமைத் தூங்க வெச்சுத்தான் கணையம் அனுப்பும். குடலுக்குப் போனதும்தான் அது முழிக்கணும். தப்பித்தவறி முன்னாடியே முழிச்சா, தன்னைத்தானே வெட்டிக்கிட்டு அழியற மாதிரி ஒரு ஏற்பாடும் உள்ளேயே இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் அந்த ஏற்பாடு பிறவியிலேயே இல்ல. உள்ளயே முழிச்சு, சோத்துக்குப் பதிலா கணையத்தைத் தின்னுது.”

“குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?” என்று மனைவி கேட்டாள்.

“இவருக்கு இல்ல.”

மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, “எனக்கு எப்படிங்க தெரியும்?” என்றாள். அவர் “சரி விடு” என்றார். அன்று மாலை முகத்தைக் கிட்டே கொண்டுவராமல், தண்ணீர் டம்ளரைத் தள்ளி நின்று நீட்டினாள். அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தார். அப்படி இருக்கவில்லை.

மறுநாள் டிப்போவுக்குப் போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார்.

“ரொம்ப சந்தோஷம்பா. நீ குடிக்கிறவன் இல்லன்னு எனக்கு எப்பவும் ஒரு இது இருந்துச்சு.”

“அப்ப வண்டி குடுப்பீங்களா சார்?”

“அதெப்படி? குடின்னா நிறுத்திட்டேன்னு எழுதிக் குடுத்து, ஆறு மாசத்துல வண்டி வாங்கியிருக்கலாம். இது பிறவி வியாதிங்கிற. ஓட்டும்போது மறுபடி வராதுன்னு யாரு கையெழுத்துப் போடுவா?”

அவர் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு, ஈரத் தரையில் நின்ற பஸ்ஸின் முன் கண்ணாடியைக் கழுவினார்.

அந்த வாரமே அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா துணி மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

“அப்பா முதல்ல குடிக்க ஆரம்பிச்சாரா, வலி முதல்ல வந்துச்சா?” என்று கேட்டார்.

“வலிதான். அப்ப நீ சின்னப் பையன். மூட்டை தூக்குறவங்க யாரோ, ஒரு மடக்கு போட்டா மரத்துப் போகும்னு சொல்லிக் குடுத்தாங்க. மரத்துப் போகல. ஆனா வேற எதுவும் கைக்குக் கிடைக்கல.”

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?”

“நீ எங்கடா கேட்ட? அவரப் பத்திப் பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவ.”

அவர் அப்போதும் எழுந்துதான் போனார். அக்கா வாசல்வரை வந்து, சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். அவர் காதில் விழவில்லை.

இப்போது அப்பாவும் மகளும் ஒவ்வொரு வேளையும் சோற்றோடு மாத்திரைக் குப்பியையும் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த என்சைம், வயிற்றின் அமிலத்தில் கரைந்துவிடாதபடி பூச்சுப் பூசியது. முதல் வாயோடு ஒன்று, நடுவில் ஒன்று, மெல்லாமல் விழுங்க வேண்டும். மகளுக்கு அது பிடிக்காது. ஒருமுறை விழுங்கியதுபோல் காட்டிவிட்டுக் கன்னத்தில் ஒதுக்கிவைத்தாள். எச்சிலில் அந்த அமிலம் இல்லாததால் பூச்சு அங்கேயே கரைந்து, மருந்து வாயெல்லாம் புண்ணாக்கியது. ஆனாலும் மாத்திரை வேலை செய்கிறது. அவருக்குப் பெல்ட் சரியாக நிற்கிறது. பிள்ளையின் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. வலி மட்டும் எப்போது வரும் என்று தெரியாது.

மைத்துனர் பழப் பையோடு வந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பழத்தை வைத்துவிட்டு, “பரம்பரையா வர்றதுன்னா கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும் மாப்பிள்ளை” என்றார்.

“எனக்கே இப்பதானே தெரியும் மச்சான்.”

“குடின்னா ஆளோட போயிடும். இது ரத்தமாச்சே. நாளைக்குப் பொண்ணைக் கேட்டு யாரு வருவா? வெளியில மூச்சு விட்றாதீங்க.”

மைத்துனரைப் போகச் சொல்ல அவருக்கு வாய்வரை வந்தது. மனைவி காபி கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

அடுத்த நாள் காலை, மகளின் டிபன் பாக்ஸோடு மாத்திரையையும் சிறு டப்பாவில் போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள், “யாராவது கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லு பாப்பா. வேற எதுவும் சொல்லாத.”

“ஏன், உள்ளதைச் சொன்னா என்னவாம்?” என்றார் அவர்.

மனைவி டப்பாவை அழுத்தி மூடினாள். “நீங்க உள்ளதைத்தானே சொன்னீங்க. யாரு நம்புனா?”

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.