அம்மன் கொடுக்காத என்ஜின்

எங்கள் அண்ணன் கண்மூடி இன்றோடு ஒரு வருஷம். மழையையும் வழுக்கல் ரோட்டையும் பாராமல் மடுல்சீமை வரைக்கும் ஏறி வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் சினேகிதர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை கைகூப்பி எழுதுவது. இந்த நினைவு மலரின் மற்றப் பக்கங்களில் தேவாரம் இருக்கிறது, படங்கள் இருக்கின்றன. அவற்றை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரையை மட்டும் பந்தியில் உட்காருவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

இன்று படையல் முடிந்து நீங்கள் சாப்பிட்டு எழுந்ததும், ஒரு வருஷமாக முடங்கிக் கிடந்த அண்ணனின் லொறி மறுபடி ஓடப்போகிறது. அண்ணனின் மகன், என் மருமகன், தானே ஓட்டி உங்களையெல்லாம் கீழே பசறை வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. "அப்பா திவசத்துக்கு வந்தவங்க அப்பா லொறியிலதான் போகணும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அதே லொறி. உள்ளே இருப்பதும் அதே சின்ன என்ஜின். அந்த என்ஜின் அங்கே எப்படி வந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் பேனா எடுத்தேன். ஆனாலும் அண்ணனின் வாழ்க்கையைச் சொல்லாமல் அதைச் சொல்வது மரியாதையாகாது.

அண்ணன் பிறந்தது ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், மேல் லயத்து வீட்டு வரிசையில், கடைசிக் காம்பராவில். அப்பா முகம் எனக்கு நினைவில்லை. அம்மா கொழுந்து பறித்துத்தான் எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கினார். அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கினார், அங்கேயே வண்டி ஓட்டப் பழகினார், லைசென்ஸ் எடுத்த அன்று அம்மாவின் காலில் விழுந்தார். கலியாணமாகி மடுல்சீமைக்கு வந்த பிறகுதான் இந்த லொறி கிடைத்தது. தோட்டம் கழித்துவிட்ட பழைய ஆங்கிலேய லொறி. மூக்கு நீண்டது, கதவு பிடிக்காதது, டயர் இருந்த இடத்தில் செடி முளைத்தது. "இதுக்குப் போயா காசு குடுத்தீங்க, இதைப் பேரீச்சம்பழக்காரன்கூட வாங்க மாட்டானே" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரும்தான் உட்கார்ந்து துருவைச் சுரண்டினார்.

அந்த லொறி ஏறாத வீடு இந்தத் தோட்டத்தில் இல்லை. கோவா, கரட் என்று மரக்கறியெல்லாம் சந்தைக்குப் போனது அதில். பொண்ணழைப்பு அதில். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தான். மண்சரிந்து ரோடு மூடிய கிழமை, மண்ணுக்கு இந்தப் பக்கம் வரை கொண்டுவந்து ஆளை இறக்கி, அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். பிறத்தியார் உயிரென்றால் அண்ணனுக்கு அவ்வளவு பயம். தன் உயிர் விஷயத்தில் அந்தப் பயம் இல்லை.

என் வீட்டுக்காரர் போன கதை உங்களுக்குத் தெரியும். வேன் ஓட்டினார், வேகமாக ஓட்டினார், ஒரு வளைவில் முடிந்துவிட்டது. பதினாறு முடிந்த மறுநாள் அண்ணன் இதே லொறியில் வந்து என் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தார். "ஏறும்மா" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் வீடுதான் என் வீடு. யார் வண்டியில் ஏறினாலும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டேதான் வருவேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் லொறியின் பழைய என்ஜின் மூச்சை விட்டது. பெரகலைச் சந்தியில் பழைய வண்டிகளைத் தொட்டுப் பார்த்தே நோய் சொல்லும் ஒரு பெரிய மெக்கானிக் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாஸ். அவரிடம் இரண்டு என்ஜின் இருந்தன. ஒன்று ஆறு சிலிண்டர், பெரிசு, இரண்டு பேர் சேர்ந்தாலும் அசையாது. மற்றது நாலு சிலிண்டர், சின்ன ஜப்பான் லொறியிலிருந்து கழற்றியது. டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. சின்னது எண்ணெய் குடிக்காது. எனக்கு அதுகூட முக்கியமில்லை. பெரிய என்ஜின் என்றால் வேகம், வேகம் என்றால் சாவு. என் கணக்கு அவ்வளவுதான்.

பாஸ் அண்ணனிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். "தம்பி, நீ ஏத்தத்தைப் பாக்காத, இறக்கத்தைப் பாரு. சுமையோட இறங்கையில பெரிய என்ஜின்னா கியரைப் போட்டாப் போதும், அதுவே வண்டியை இழுத்துப் பிடிக்கும். சின்னது பிடிக்காது. எல்லாப் பாரத்தையும் பிரேக் ஒன்னுதான் தாங்கணும். மடுல்சீமை இறக்கத்துல பிரேக் எம்புட்டு நேரம் தாங்கும்?"

விளங்கியதா? எனக்கும் அன்றைக்கு விளங்கியது. ஆனால் விளங்காதமாதிரி நின்றேன். "அவரு விக்கிறவரு, பெரிசைத்தான் விக்கப் பாப்பாரு" என்று வீட்டில் வந்து கத்தினேன். இரண்டு நாள் சோறு தின்னவில்லை. அண்ணன் பாவம், என் முகத்தைப் பார்ப்பார், பாஸ் சொன்னதை நினைப்பார். கடைசியில், "சரிம்மா, ஆத்தாகிட்டயே கேட்டுருவோம்" என்றார்.

நம் கோயிலில் பூப் போட்டுக் கேட்பது உங்களுக்குப் புதிதில்லை. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் வாழையிலையில் ஒன்றுபோல மடித்து மாரியம்மன் காலடியில் வைப்பது, கும்பிட்டு ஒன்றை எடுப்பது. சிவப்பு வந்தால் பெரிசு, வெள்ளை வந்தால் சின்னது என்று பேச்சு. கோயிலுக்குப் பூக் கட்டுகிறவள் நான். பொட்டலம் மடித்ததும் நான்தான்.

இரண்டிலும் வெள்ளைப் பூவைத்தான் வைத்தேன்.

எழுதிவிட்டேன். இதற்கு மேல் நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. அண்ணன் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பூசாரி பிரித்துக் காட்டினார். பெண்கள் குலவை போட்டார்கள், நானும் போட்டேன். மற்றப் பொட்டலத்தை யாரும் பிரிப்பதற்கு முன்னால் மடியில் கட்டிக்கொண்டுபோய்ப் பின்னால் ஓடுகிற தண்ணீரில் விட்டேன். அது போகவில்லை. ஒரு கல்லில் ஒட்டிக்கொண்டு நின்றது. காலால் தள்ளிவிட்டு வந்தேன்.

சின்ன என்ஜினைப் பூட்டிய பிறகு லொறி ஏற்றத்தில் ஆமையாக ஏறியது. எனக்குச் சந்தோஷம், பார்த்தீர்களா, வேகமே இல்லை. இறக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை நான் பார்க்கப் போகவில்லை. முதலில் ஒரு வளைவில் மட்டும் நிறுத்தி, பிரேக் சூடு ஆறும்வரை நிற்பார் என்றார்கள். பிறகு இரண்டு வளைவு. பிறகு வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையிலேயே தீய்ந்த வாடை அடிக்கத் தொடங்கியது. சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டை ஒன்று வைத்திருந்தவர் மூன்று வைத்துக்கொண்டார். "என்னண்ணே, மரம் விக்கிற மரக்காலை வைக்கப் போறீங்களா" என்று கேலி செய்தேன். அவர் மூன்று கட்டையையும் தூக்கி லொறியில் போட்டார்.

ஒரு நாள் பெரகலையிலிருந்து பாஸ் போன் பண்ணினார். பெரிய என்ஜின் இன்னும் கிடக்கிறது, வந்து மாற்றிக்கொள் என்றார். அண்ணன் அடுப்படி வாசலில் நின்றுதான் பேசினார். "இல்லீங்க பாஸ், ஆத்தா குடுத்ததை நான் எப்படிங்க கழட்டிப் போடுறது" என்றார். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். புகையில் கண் கரிக்கிறமாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பூவை மாற்றி வைத்ததுகூடப் பயத்தில் செய்தது. அன்றைக்கு வாயை மூடியிருந்தேனே, அதற்கு என்னிடம் ஒரு சாக்கும் இல்லை.

போன வருஷம், அந்தக் காலையில் லொறி நிறையக் கோவா. மூன்றாம் வளைவுக்குக் கீழே பிரேக் விட்டுவிட்டது. பின்னால் நின்ற இரண்டு பேரையும் "குதிங்கடா" என்று கத்திக் குதிக்க வைத்திருக்கிறார். கீழே ரோட்டோரமாகக் கொழுந்து நிறுக்க ஆட்கள் கூடியிருந்தார்கள். பள்ளத்துப் பக்கம் விடவில்லை, ஆட்கள் பக்கமும் விடவில்லை. மேட்டுக் கல்லில் கொண்டுபோய் மோதி வண்டியைச் சாய்த்தார்.

இரண்டு நாள் இருந்தார். ஆஸ்பத்திரியில் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "அழுவாதம்மா. பெரிய என்ஜினா இருந்திருந்தா எப்பவோ போயிருப்பேன். ஆத்தாதான் இம்புட்டு நாள் வச்சிருந்தா" என்றார். எனக்கு ஆறுதலாம்! ஐயோ, அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு ஒரு வருஷமாக நான் சோறு தின்கிறேன், தூங்குகிறேன், கோயிலுக்குப் பூவும் கட்டுகிறேன்.

லொறியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது மூக்கு நசுங்கியிருந்தது, கூடு நெளிந்திருந்தது, என்ஜினுக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை. மருமகன் அதைக் கையால் துடைத்துக் கும்பிட்டான். "பாத்தீங்களா அத்தே, ஆத்தா குடுத்தது." பெரிசு போடு என்று மூன்று தடவை சொன்னேன். "அப்பாவே மாத்தல, நான் மாத்துவேனா" என்கிறான். காரணத்தைச் சொல்ல வாய் வரைக்கும் வந்து, அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. ஊரையே வாயால் ஆட்டிவைக்கிறவள் என்று என்னைச் சொல்வீர்கள், இதற்கு மட்டும் எனக்கு வாயில்லை. அதனால்தான் அச்சகத்துக்கு நானே நேரில் போய்க் கொடுத்தேன். அச்சாகிவிட்டால் திருப்பி வாங்க முடியாது.

நன்றி சொல்ல வேண்டும். கல்லுக்கும் வண்டிக்கும் நடுவிலிருந்து அண்ணனைக் கையால் தோண்டி எடுத்த கொழுந்துக்காரப் பெண்களுக்கு. ரத்தம் கொடுக்க ஸ்பிரிங்வெளியிலிருந்து பஸ் பிடித்து வந்த பிள்ளைகளுக்கு. ஆஸ்பத்திரியில் இரண்டு நாளும் தூங்காத தாதிமார்களுக்கு. காரியம் முடியும்வரை அடுப்பை அணையவிடாத அக்கம்பக்கத்து லயத்தாருக்கு. செத்த வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தைகூட "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று சொல்லாமல் போன பாஸுக்கு. உங்கள் எல்லோரையும் நாங்கள் மறக்க மாட்டோம்.

அண்ணி, என்னை வீட்டில் வைத்திருப்பதும் வெளியே போகச் சொல்வதும் உங்கள் விருப்பம். ஆத்தாமேல் மட்டும் வருத்தப்பட்டு விளக்கை நிறுத்திவிடாதீர்கள். அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

உறவினர்களே, தயவுசெய்து மடுல்சீமைச் சந்தி வரைக்கும் நடந்துபோய் பஸ் ஏறுங்கள். பந்தியில் என்னைத் தேட வேண்டாம். இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நேரம் நான் லொறியின் முன் சக்கரத்தை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருப்பேன். மருமகனே, திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய். அந்த என்ஜினைக் கழற்றிக் கீழே இறக்கும்வரை அத்தை நான் எழுந்திருக்க மாட்டேன்.