மயக்க மருந்துக்கு முந்தின கேள்வி

பெரியக்கா, கேக்குதோ? நான்தான், உன்ர லூசுத் தம்பி. உன்ர கதையை எல்லாருக்கும் சொல்லப்போறன், கோவிக்காத.

2011இல நாங்கள் ரெண்டு பேரும் சிட்னியில ஒரு பழைய ஆமி ஆஸ்பத்திரியில வேலை. எட்டாம் வகுப்போட நிண்ட நான் நிலம் துடைக்கிறன். அக்கா ஒப்பரேசன் அறையில, மயக்க மருந்து டொக்டருக்குப் பக்கத்தில நிக்கிற நேர்ஸ். அந்த வேலை தெரிஞ்ச மூண்டு பேரில, ஆமியிலயும் பேர் பதிஞ்சிருந்த ரெண்டு பேரை அவுஸ்திரேலிய ஆமி வெளிநாட்டுக்கு அனுப்பிப்போட்டுது. மிஞ்சினது அக்கா. அவவையும் கிழமையில ரெண்டு நாள் பரமட்டாப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவினம்.

"என்னை அப்பளம் மாதிரி உடைச்செல்லோடா பங்கு போடுறாங்கள்" எண்டு சிரிப்பா.

அவ அங்க போன ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கட ஆக்களில ஒரு அங்கிளுக்குப் பித்தப்பை ஒப்பரேசன். பதிலுக்கு வந்த நேர்ஸுக்குத் தமிழ் தெரியாது, அங்கிளுக்கு இங்கிலிஷ் தெரியாது. மொப்போட நிண்ட என்னைப் பிடிச்சினம். மயக்க மருந்துக்கு வெறுவயிறா இருக்கோணுமாம், கேட்டுச் சொல்லட்டாம்.

"அங்கிள், சாப்பிட்டனீங்களோ?"

"ஓம் தம்பி, சாப்பிட்டாச்சு. நீர் சாப்பிட்டனீரோ?"

காலமை வெறும் பிளேன்ரீ குடிச்ச நானும், "ஓம் அங்கிள்."

ஒப்பரேசனை நிப்பாட்டிப்போட்டினம். நாலு மாசம் காத்திருந்த மனுசன், முகம் சுருங்கிப்போச்சு. ஓடிப்போய் அக்காவுக்குப் போன் அடிச்சன்.

"அட மடையா! எங்கட சனத்திட்ட அப்பிடிக் கேட்டால் பட்டினி கிடந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். கடைசியா எத்தினை மணிக்கு, என்னத்தை வாயில வைச்சவர் எண்டு கேள்!"

கேட்டன்.

"நேற்றுப் பின்னேரம் ஆறு மணிக்கு ரெண்டு இடியப்பம். சும்மா மரியாதைக்குச் சொன்னனான் தம்பி."

டொக்டர் அக்காவோடயும் போனில கதைச்சு, அவவைக் கொண்டு அங்கிளிட்டத் திருப்பிக் கேப்பிச்சுத்தான் உள்ள எடுத்தவர். கண் முழிச்சவுடன அங்கிள் என்னைப் பாத்துக் கேட்டார்: "தம்பி, சாப்பிட்டனீரோ?"

ரெண்டு வருசத்தில அக்காவே நோய் வந்து எங்கட ஆஸ்பத்திரியிலயே படுத்தா. மொப்பைச் சுவரில சாத்திப்போட்டு நான் ஓடிப்போய்க் கேப்பன்.

"அக்கா, சாப்பிட்டனியோ?"

"ஓமடா, வடிவாச் சாப்பிட்டனான். நீ போய் வேலையைப் பார்."

நானும் நம்பிப்போட்டுப் போவன். கடைசி மூண்டு நாளும் அவவுக்கு ஒரு வாய் இறங்கேல்லை எண்டு, அவ போனாப்பிறகுதான் நேர்ஸ் சொன்னவ. எத்தினை மணிக்கு, என்னத்தை எண்டு அக்காவிட்ட மட்டும் நான் கேக்கேல்லை.

வாசிக்கிற நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பரவாயில்லை, என்ர அக்காவுக்காக ஒருக்காக் கும்பிடுங்கோ. அங்க அவ வயிறு நிறையச் சாப்பிடோணும் எண்டு கேளுங்கோ.