ரப்பர் பால் பூசிய பினாட்டா

பினாட்டா என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் படித்தால் பிறகு நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது.

காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, உள்ளே கூடாக ஒரு நட்சத்திரம் செய்வார்கள். அதன் வயிற்றில் மிட்டாய், நிலக்கடலை, சின்ன ஆரஞ்சு எல்லாம் போட்டு மூடிவிடுவார்கள். பிறந்தநாள் அன்று அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்து கம்பால் அடிக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை ஒரு பெரியவர் கையில் இருக்கும். அடி வரும் நேரம் பார்த்து அவர் அதை மேலே இழுத்துவிடுவார். பிள்ளை காற்றை அடிக்கும், மற்றவர்கள் சிரிப்பார்கள். கடைசியில் யாராவது அடித்து உடைத்தால் மிட்டாய் கொட்டும். மெக்சிகோவில் பிறந்தநாளுக்கு கேக் இருக்கிறதோ இல்லையோ, இது இருக்குமாம். கோயில் திருவிழாவில் உறியடி பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மலேசியாவில் பெடாஸ் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் நான் பால் மரம் வெட்டுகிறேன், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறேன். எஸ்டேட்டில் முக்கால்வாசி எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆகிவிட்டது. மேட்டுப் பக்கம் மட்டும் இன்னும் ரப்பர் நிற்கிறது. என் தங்கை உல்லாசக் கப்பலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலைக்குப் போனவள். அதே கப்பலில் சமையல் வேலை பார்த்த மெக்சிகோக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அவர் ஊரிலேயே தங்கிவிட்டாள். போன மழைக்காலத்தில்தான் முதல் தடவையாகத் தன் மகளை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

மருமகளைக் கண்டதும் நான் முதலில் பார்த்தது அவள் காதை. காது குத்தியிருந்தது. அந்த ஊரில் பெண் குழந்தை பிறந்த உடனே ஆஸ்பத்திரியிலேயே குத்திவிடுவார்களாம். நம் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். முடி எடுப்பதும் அப்படித்தான். அதெல்லாம் எனக்குக் கிடைக்கவில்லை. தங்கை என் பார்வையைக் கவனித்துவிட்டாள்.

"அண்ணே, மூஞ்ச தூக்காத. அடுத்த வாரம் இவளுக்குப் பொறந்தநாளு. அத நீ செய்யி. தாய்மாமன் நீதானே?"

"என்னா செய்யணும்?"

"பினாட்டா."

அந்த வார்த்தையைக் கேட்டதும் மருமகள் ஓடி வந்தாள். தங்கை அவளிடம் எங்கள் எஸ்டேட் தமிழில்தான் பேசுவாள். அதனால் பிள்ளைக்கு நன்றாகத் தமிழ் வரும். கொஞ்சம் பாடுகிற மாதிரி இழுத்துப் பேசுவாள், அவ்வளவுதான்.

"ஏழு கொம்பு இருக்கணும் மாமா. கொம்பு நுனியில கலர் பேப்பர் தொங்கணும். கயிறு அப்பா புடிப்பாரு. எங்க வீட்டுக் கூரை மேல ஏறி நின்னு புடிப்பாரு. அப்பா புடிச்சா யாருக்குமே ஒடைக்க முடியாது."

"இங்க கூரை தகரம்லா," என்றான் என் மகன். "உங்கப்பா ஏறினா ஒடைஞ்சி வீட்டுக்குள்ள வந்துடுவாரு."

"எங்கப்பா குண்டு இல்ல!"

"நான் தகரத்த சொன்னேன்."

தங்கையின் கணவர், என் மச்சான், பிறந்தநாளுக்கு முன்பே விமானம் ஏறி இங்கே வந்துவிடுவார் என்றுதான் ஏற்பாடு. ஆனால் இரண்டு நாளில் அவரிடமிருந்து போன் வந்தது. அவர் இப்போது வேலை செய்கிற ஓட்டலில் ஆள் பற்றாக்குறையாம், லீவு கிடைக்கவில்லையாம். தங்கை விஷயத்தைச் சொன்னபோது மருமகள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். "அப்ப பினாட்டா வேணாம். கயிறு புடிக்க ஆளு இல்ல," என்று சொல்லிவிட்டுப் போய் என் மகளின் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"நான் புடிக்கிறேன்," என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது மாமா."

அவள் சொன்னது உண்மைதான். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு நான் செய்யப்போகிற முதல் காரியம் இது. இதையும் விட்டால் அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். அடுத்து எப்போது வருவார்களோ. செய்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

இதற்கிடையில் என் மனைவி தனியாக ஒரு வேலை செய்திருந்தாள். மெக்சிகோவில் சோள மாவில் ரொட்டி சுடுவார்கள் என்று போனில் பார்த்துவிட்டு, கடையில் சோள மாவு வாங்கி வந்திருந்தாள். அது நம் கடைகளில் விற்கிற வெள்ளைச் சோள மாவு, குழம்பைக் கெட்டியாக்கப் போடுவது. சுடுதண்ணீர் ஊற்றிப் பிசைந்தாள். பிசைந்தது கையை விட்டு வரவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். சட்டி நிறையக் கஞ்சிப் பசை ஆகிவிட்டது.

தங்கை எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணி, இது வேற மாவு. அதுக்குச் சோளத்த சுண்ணாம்புத் தண்ணியில வேக வெச்சி அரைக்கணும். விடுங்க, கோதும மாவுல சுடலாம். எங்க வீட்டுக்காரரு ஊருல அதுதான்."

"அப்ப இத என்னா செய்றது?"

"பினாட்டா ஒட்ட இதவிட நல்ல பசை கெடைக்காது."

அப்படித்தான் வேலை ஆரம்பித்தது. ஒரு பலூனை ஊதி, அதன்மேல் பழைய பேப்பரைக் கிழித்துக் கிழித்து ஒட்டினோம். என் மகள் அட்டையைக் கூம்பாகச் சுருட்டி ஏழு கொம்பு செய்தாள். மருமகள் கட்டிலில் படுத்தபடியே கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கொம்பு கோணலாகப் போனபோது மட்டும், "அது சாயுது," என்று குரல் வந்தது.

ஆனால் மழைக்காலம். நட்சத்திரம் காயவே இல்லை. வராந்தாவில் வைத்தால் எறும்பு மொய்த்தது. கஞ்சிப் பசை அல்லவா, அதற்கு அது விருந்து. ஒரு கொம்பில் பூஞ்சணம்கூடப் பிடித்துவிட்டது. அப்போதுதான் எனக்கு ரப்பர் பால் ஞாபகம் வந்தது. பால் பூசினால் தண்ணீர் இறங்காது, எறும்பு வராது, காகிதமும் பிரியாது. இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் மண்டோரிடம் கேட்டேன். எங்கள் வேலையை மேற்பார்வை செய்கிறவர் அவர்தான். பால் பிடிக்கும் கோப்பையை நாங்கள் மங்கு என்போம். அதில் இரண்டு மங்கு பால் வேண்டும் என்றேன்.

"பால வீட்டுக்குக் கொண்டுபோயி என்னாடா தம்பி செய்யப்போற? டீயில ஊத்திக் குடிக்கப்போறியா?"

"மருமவளுக்குப் பொறந்தநாளு அண்ணே. பொம்ம ஒண்ணு செய்றோம்."

"எடுத்துக்கலா. மருமவ பேர சொல்லி மூணா எடுத்துக்க."

மூன்று மங்கு பாலையும் பூசினேன். ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்த பூச்சு. மிட்டாய் போட்ட ஓட்டையை மூடி அதற்கு மேலும் ஒரு பூச்சு. வீடு முழுக்கப் புளித்த வாடை. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கலர் காகிதம் ஒட்டினார்கள். முடிந்தபோது பார்க்க அழகாகவே இருந்தது. இதுபோல் உறுதியாக ஒரு பினாட்டா மெக்சிகோவில்கூடச் செய்திருக்க மாட்டார்கள் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

பிறந்தநாள் அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள். ரம்புத்தான் மரக் கிளையில் நைலான் கயிற்றைப் போட்டு நட்சத்திரத்தைத் தூக்கினேன். தங்கை மருமகளுக்குப் பூப்போட்ட பாவாடை கட்டிவிட்டிருந்தாள். ஆனால் பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். கம்பை நீட்டியபோது வாங்கவில்லை.

"மத்தவங்க அடிக்கட்டும்," என்றாள்.

முதலில் என் மகன் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். நான் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நின்றேன். அவன் ஓங்கி அடித்தான். தொப் என்று ஒரு சத்தம். கம்பு எகிறி அவன் தோளுக்குப் பின்னால் போய் விழுந்தது. நட்சத்திரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முன்பு இருந்த மாதிரியே தொங்கியது.

அடுத்து என் மகள் அடித்தாள். தொப். பக்கத்து வீட்டுப் பெரிய பையன் அடித்தான். தொப். கொம்புகள் அடி பட்டதும் மடங்கி, மறுபடி தானாக நிமிர்ந்துகொண்டன.

"அங்கிள், இது பினாட்டாவா, பந்தா?"

"உள்ள மிட்டாய் இருக்கா, சும்மா ஏமாத்துறீங்களா?"

என் மனைவி வாசலில் நின்று சொன்னாள், "மிட்டாய் இருக்கு. ஆனா இவரு பூட்டு போட்டு சாவிய முழுங்கிட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பிள்ளைக்கு ஆசையாகச் செய்ய வந்து, அதை ஊரே வேடிக்கை பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டேனே என்று இருந்தது. படிக்கட்டைத் திரும்பிப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது. நட்சத்திரத்தைக் கீழே இறக்கி அரிவாளால் பிளந்து மிட்டாயைப் பங்கு வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போது என் சட்டையை யாரோ இழுத்தார்கள். மருமகள் நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க புடிக்கிறது தப்பு."

"எப்படிப் புடிக்கணும்?"

"இழுத்து இழுத்து விடணும். நீங்க மாட்டக் கட்டி வெச்ச மாதிரி புடிக்கிறீங்க. குடுங்க இங்க."

கயிற்றை என் கையிலிருந்து வாங்கினாள். சட்டென்று இழுத்தாள். நட்சத்திரம் கிளை வரை துள்ளியது. விட்டாள், தரைக்குக் கிட்டே வந்து ஆடியது. அவள் அப்பாவிடம் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க அடிங்க."

"நானா?"

"நீங்கதானே கெட்டியா செஞ்சீங்க?"

பிள்ளைகள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். மனைவி என் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கண்ணை இறுக்கிக் கட்டினாள். தங்கை என்னைப் பிடித்துச் சுற்றிவிட்டாள். கம்பை ஓங்கி வீசினேன். காற்று. மறுபடி வீசினேன். நட்சத்திரம் பின்னாலிருந்து வந்து என் தலையில் மோதிவிட்டுப் போனது. அடுத்த வீச்சில் ரம்புத்தான் மரத்தை அடித்தேன், இலையில் நின்ற மழைத்தண்ணீர் எல்லாம் என்மேல் கொட்டியது.

அப்போதுதான் அவள் சிரிப்பைக் கேட்டேன். துண்டு கட்டியிருந்ததால் பார்க்கவில்லை, கேட்கத்தான் முடிந்தது. மூச்சு வாங்கி, விக்கி, மறுபடி சிரித்தாள். நான் வேண்டுமென்றே தவறவிட்டேன் என்று தங்கை இன்றைக்கும் சொல்கிறாள். அப்படி இல்லை. நிஜமாகவே என்னால் அடிக்க முடியவில்லை.

எனக்குக் கை ஓய்ந்த பிறகு மருமகளே அதை மெதுவாகக் கீழே இறக்கினாள். "இப்ப எப்படி ஒடைக்கிறது?" என்று கேட்டாள்.

"ஒடைக்க வேணாம்," என்றாள் என் மனைவி. "காலையில மரத்த வெட்டுற மாதிரி வெட்டுங்க. ஒழுகும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் மகன் அதற்குள் ஓடிப்போய் என் பால் வெட்டும் கத்தியையும் பால் மங்கு ஒன்றையும் கொண்டு வந்துவிட்டான். மரத்தில் போடுகிற மாதிரியே நட்சத்திரத்தின் வயிற்றில் சாய்வாக ஒரு கோடு போட்டேன். மருமகள் கயிற்றைப் பிடித்து அதைத் தூக்கிக் குலுக்கினாள். மகன் கீழே கோப்பையை நீட்டினான். முதலில் ஒரு மிட்டாய் விழுந்தது. பிறகு இரண்டு நிலக்கடலை. பிறகு வெட்டு வாய் விரிந்து எல்லாமே கொட்டியது. மங்கு எங்கே, மகன் எங்கே என்று தெரியாமல் பிள்ளைகள் மேலே விழுந்து பொறுக்கினார்கள். மருமகள் மட்டும் பொறுக்க வரவில்லை. கடைசி மிட்டாய் விழும்வரை கயிற்றை அவள் விடவில்லை.

பிறகு கோதுமை ரொட்டியில் கோழிப் பிரட்டலைச் சுருட்டிச் சாப்பிட்டோம். தங்கை போனில் மச்சானைக் கூப்பிட்டாள். மருமகள் அப்பாவிடம் அவர்கள் பாஷையில் வேகமாக ஏதோ பேசினாள். அவர் சிரிப்பது எங்களுக்கும் கேட்டது.

"என்னா சொல்றா?" என்று தங்கையிடம் கேட்டேன்.

"அடுத்த வருஷம் நீங்க அடிங்க, கயிறு நான்தான் புடிப்பேன்னு சொல்றா. மாமாவுக்குத் தண்ணி ஊத்தின மாதிரி உங்களுக்கும் ஊத்துவேன்றா."

உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். கஷ்டமான வேலை இல்லை. பசைக்கு மைதா போதும், வெயில் காலமாகப் பார்த்துச் செய்யுங்கள். மூன்று அடுக்குக் காகிதத்துக்கு மேல் வேண்டாம். ரப்பர் பால் வேண்டவே வேண்டாம்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று பெட்டியின் எடை கூடிவிட்டது என்று தங்கை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அடியில் அந்த நைலான் கயிறு சுருட்டி வைத்திருந்தது.

"இது எதுக்குடி? அங்க கயிறு கெடைக்காதா?"

"இது மாமா குடுத்தது," என்று சொல்லிப் பிள்ளை அதை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள்.

நான் கொடுக்கவில்லை. மரத்திலிருந்து அவளே அவிழ்த்து எடுத்திருக்கிறாள். தங்கை என்னைப் பார்த்தாள், பிறகு கயிற்றை விட்டுவிட்டு ஒரு ஊறுகாய்ப் பாட்டிலை வெளியே எடுத்து வைத்தாள்.