இருபத்தேழாம் கேள்வி

மும்பை தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் ரெபேக்காவுக்கு வழிவிடாத வாசல் கிடையாது. பன்னிரண்டு வருடமாக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் அவள் பிழைப்பு. கேள்விகள் அவளுடையவை அல்ல. தேவ்நார் பக்கம் ஓர் ஆய்வு நிலையத்தில் கல்யாணத்தையும் குடும்பத்தையும் ஆராய்கிறவர்கள் எழுதித் தருவார்கள். தமிழ்ப் பெண்களிடம் கேட்டுக் குறித்துவருவது அவள் வேலை.

எத்தனை அறிஞர்களைப் பார்த்துவிட்டாள்! ஒருவருக்குக் குடும்பம் என்றால் அதிகாரம். வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள் என்று கேட்கச் சொன்னார். இன்னொரு அம்மாளுக்கு அது உழைப்பு. தண்ணீர் பிடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துவர அனுப்பினார். மூன்றாமவர் எல்லாம் ஒப்பந்தம் என்று அடித்துச் சொன்னார். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எல்லாரும் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் கொஞ்சத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் எதிர்வீட்டுக் குடும்பம்கூட அவளுக்கு முழுசாகப் பிடிபடவில்லை.

கடைசியாக வந்தவள் சாதனா. மாட்டுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண், வயது முப்பத்திரண்டு. அவள் அப்பா மகாதேவனும் அம்மா ஷ்யாமளாவும் இருபத்தைந்து வருடமாக ஒரே ஃப்ளாட்டில் பேசாமல் வாழ்கிறவர்கள். 'அப்பாகிட்ட சொல்லு', 'அம்மாவைக் கேளு' என்று நடுவில் தபால்காரியாக வளர்ந்த பெண் கல்யாணத்தை ஆராய வந்ததில் என்ன ஆச்சரியம்?

அவளுடைய இருபத்தேழாம் கேள்விதான் ரெபேக்காவைப் பாடாய்ப் படுத்தியது. மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் இதே மனிதரைக் கட்டிக்கொள்வீர்களா? பத்துக்குப் பத்து அறை. கட்டிலில் புருஷன் படுத்திருப்பான், ஓரத்தில் மாமியார் கீரை ஆய்வாள். இதில் என்னத்தைச் சொல்ல? பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். முதல் வாரம் ரெபேக்கா நேர்மையாக 'பதில் இல்லை' என்று குறித்தாள். இத்தனை 'பதில் இல்லை' கூடாது, திரும்பப் போய்க் கேள் என்று நிலையத்திலிருந்து உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு சிரித்தவர்களுக்கெல்லாம் 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டுவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து நிலையத்து கேன்டீனில் சாதனா அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆன்ட்டி, இருநூத்தி நாப்பது பேர்ல இருநூத்திப் பதினொண்ணு! எய்ட்டி எய்ட் பர்சென்ட் யெஸ்! எங்காத்துல பார்த்ததுதான் கல்யாணம்னு நினைச்சிண்டிருந்தேன். நேத்திக்கு கௌசிக்கிட்ட சரின்னு சொல்லிட்டேன். பாவம், ரெண்டு வருஷமா காத்திண்டிருந்தான். உங்க லேடீஸ்தான் என்னை மாத்தினா."

கௌசிக் அணுசக்தி நகரில் வேலை பார்ப்பவன் என்று ரெபேக்காவுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு பாதகமும் இல்லை, அடுத்த ஆய்வும் அவளுக்கே. திறந்தால் வேலை போகும், ஒருவேளை கூடிவந்த கல்யாணமும் போகும். ஆனால் தான் போட்ட டிக்கை நம்பி ஒரு பெண் கழுத்தை நீட்டுகிறாளே!

"மேடம், ஒண்ணு சொல்லணும். அதுல முக்காவாசிப் பேரு ஆமான்னு சொல்லல. சிரிச்சாவ, அவ்வளவுதான். ஆமான்னு போட்டது நான்."

"சிரிச்சா யெஸ்ஸா?"

"எங்க ஆளுகள்ல அப்படித்தான். நிச்சயத்துல பெரியவங்க 'சம்மதமா தாயி'ன்னு கேப்பாவ. பொண்ணு குனிஞ்சு சிரிச்சா முடிஞ்சுது. வாயத் தொறந்து சொன்னாத்தான் தப்பா நெனைப்பாவ. எனக்கு நடந்ததும் அதான். கேக்குத நேரத்துல மாப்பிள்ளையோட மாமா டீயில முக்குன பிஸ்கோத்து ஒடஞ்சு விழுந்து வேட்டியெல்லாம் டீ. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. 'பிள்ளைக்குச் சம்மதம்'னு ஜெபம் பண்ணி முடிச்சிட்டாவ."

சாதனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

"உங்க பதில் என்ன ஆன்ட்டி? ஜோசப்ராஜ் அங்கிளையே திரும்பவும் பண்ணிப்பேளா?"

ஜோசப்ராஜ் அம்பர்நாத்தில் ஃபேக்டரி வேலைக்குப் போய்வருகிற மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். ரெபேக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எந்த வருசத்தக் கேக்கிய? மொத அஞ்சு வருசம்னா வேண்டவே வேண்டாம். அவுக அக்கா சொல்லுததுதான் வீட்டுல சட்டம், இவுக வாயே தொறக்க மாட்டாவ. பெறவு எனக்கு டைபாய்டு வந்துச்சு. என் துணியப் பொதுக் குழாயில, ஊரே பாக்க உக்காந்து தொவச்சாவ. அந்த வருசம்னா ஆமா. இப்பன்னா… கோவமும் இருக்கு, டிரெயின் லேட்டானா தெருமுனையில போயி நிக்கவும் செய்யுதேன். இதுக்கு ஒங்க ஃபாரத்துல கட்டம் இல்ல மேடம்."

"மூணு வருஷ வேலை ஆன்ட்டி!" சாதனாவின் குரல் உடைந்தது. "நான் என் கைடு சார்கிட்ட சொல்லித்தான் ஆகணும். இனிமே உங்களை எந்த ஸ்டடிக்கும் கூப்பிட விடமாட்டார்."

"சொல்லுங்க. சொல்லாம இருந்தாத்தான் தப்பு."

ரெபேக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சாதனா அவள் எதிரிலேயே போனை எடுத்தாள்.

"கௌசிக், நேத்திக்கு நான் சொன்னது என் பதில் இல்லை. இல்லடா, வேண்டாம்னு சொல்லலை. ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வா. திரும்ப ஒரு தடவை கேளு. இந்தத் தடவை நானே யோசிச்சு சொல்றேன்."

அந்தப் பக்கம் அவன், "சரி, வந்து கேக்கறேன்" என்று சொன்னது ரெபேக்காவுக்கும் கேட்டது.

நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டே அவள் வாசலுக்கு வந்தாள். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் அவளிடம் யாரும் 'சம்மதமா' என்று இரண்டாம் தடவை கேட்டதில்லை. வேலை போனதற்குக் கலங்காத கண் அதற்குக் கலங்கியது.